ஒருக்காப் பார்க்கிறவர்

எறி. ஏழும் இரண்டும், எறி. ராணியும் நாலும், படத்தைக் கண்டு மயங்காதே, எறி. இந்தப் போக்கர்ச் சீட்டு விளையாட்டில் வெல்வதற்கு வேறு வித்தை கிடையாது. பத்துக் கை வந்தால் எட்டை எறிய வேண்டும், எறிந்துபோட்டுச் சும்மா இருக்க வேண்டும், சும்மா இருக்கத்தான் ஒருவருக்கும் ஏலாது. ரொறொன்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் குந்தி வந்தது தாளை எறியவா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் அப்படிக் கேட்கிறபடியால்தான் எனக்கு மிஞ்சுகிறது. பெரிதாக இல்லை. இது கட்டுப்பாட்டு மேசை, ஒரு தடவைக்கு இவ்வளவுதான் கட்டலாம், கூட்டினாலும் இவ்வளவுதான் கூட்டலாம் என்று கசினோக்காரன் அளந்து வைத்திருக்கிறான். முன்னால் இருக்கிற காசு வில்லைகள், சிப்ஸ், முழுவதையும் தள்ளிவிட்டு நெஞ்சை நிமிர்த்துகிற சண்டித்தனம் இங்கே நடவாது, அது அந்தப் பக்கம், கறுப்புக் கண்ணாடி போட்ட பொடியன்களின் மேசை. இது பென்சன்காரரின் மேசை. கொஞ்சமாக வரும், கொஞ்சமாகப் போகும், கசினோக்காரன் ஒவ்வொரு கையிலும் தன் பங்கைக் கிள்ளிக்கொள்வான், அதற்கு மேலால் மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறது. கார்ப் பிரேக் செய்கிற தொழிற்சாலையில் என் உழைப்புக் காலம் முழுக்க பெல்ட்டில் வந்த சாமானைப் பார்த்துப் பழுதை எறிந்தவன் நான். எறிகிறதற்குச் சம்பளம் தந்தார்கள். இங்கேயும் அதுதான் வேலை. கழுத்துக்கு மேலே குளிர்காற்று வாய் ஒன்று இருக்கிறது, அது மட்டுந்தான் தொல்லை. கதிரையை மாற்றலாம், மாற்றமாட்டேன். வலப்பக்கத்தில் திரவியம் இருக்கிறான்.

திரவியம் வலப்பக்கம் இருந்தால் அவன் முறை எனக்கு முதல் வரும், அவன் செய்வதைப் பார்த்துவிட்டு நான் செய்யலாம், அதற்காகத்தான் இந்தக் குளிரைத் தாங்குகிறேன். ஸ்காபரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன், இப்போது கடையை மகன் பார்க்கிறான், இவன் வாயை மட்டும் கொண்டு திரிகிறான். ஒரு கையையும் எறியமாட்டான். எறிந்தால் தாளுக்கு மனவருத்தம் வந்துவிடும் என்று நினைப்பு. என்னை ‘ஒருக்காப் பார்க்கிறவர்’ என்று பேர் வைத்ததும் இவன்தான். தாள் வந்தால் ஒருதரம் மூலையைத் தூக்கிப் பார்ப்பேன், மேலே என் இரும்பு நட்டை வைப்பேன், பிறகு கை முடியும்வரை தொடமாட்டேன். நட்டு தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்தது. தாளுக்கு மேலே பாரம் ஏதும் இல்லாவிட்டால் தாள் போடுகிற டீலர், எறிந்த தாள் என்று நினைத்து, வாரிக்கொண்டு போய்விடுவாள், அதனால் எல்லோரும் ஏதாவது வைப்பார்கள், திரவியம் பிள்ளையார் வைத்திருக்கிறான், எதிரே இருக்கிற சீனத்து அம்மா ஒரு பச்சைத் தவளை. “அண்ணை, பொம்பிளை பாக்கப் போகேக்கையும் ஒருக்காத்தானோ பாத்தனீங்கள்?” என்று கேட்டான் ஒருநாள் பஸ்ஸுக்குள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “அது ஒருக்காவும் பாக்கேல்லை. பாக்காமல் கட்டினது,” என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

ஒருக்காப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஒருவருக்கும் சொன்னதில்லை, ஆனால் இவ்வளவு காலத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். நடு மேசையில் பொதுவாக ஐந்து தாள் விரிப்பார்கள், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கையில் இருக்கிற இரண்டையும் அதோடு சேர்த்துத்தான் கணக்கு. மேசையில் ஒரே இனமாக, ஹார்ட்டின் என்றால் ஹார்ட்டினாகவே, மூன்று விழுந்தவுடன் யாராவது தன் தாளைத் திரும்பத் தூக்கிப் பார்த்தால் அவனிடம் சாமான் இல்லை. இரண்டும் அந்த இனமென்றால் மனதில் ஒட்டியிருக்கும், பார்க்கத் தேவையில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்றால் நிறம் ஒட்டும், வடிவம் ஒட்டாது, அதனால் பார்ப்பான். பார்த்தவனுக்கு மேலே நான் கட்டுவேன். திரவியத்திடம் இதிலேயே எவ்வளவோ எடுத்திருக்கிறேன். அவன் பார்ப்பதை அவனால் நிறுத்த ஏலாது, அடுப்பை நூத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற சாதி. நான் பார்க்கமாட்டேன். ஒருக்காப் பார்த்தால் காணும், போதும். பார்த்தது இருக்கும். இருந்தது. நேற்றுவரைக்கும் இருந்தது என்று சொல்லலாமா. சொல்லலாம். செத்தவீடு வேறு, இது வேறு.

“உங்கள் முறை, சேர்,” என்கிறாள் டீலர், இங்கிலீசில், மரியாதையாக. தெரியும். என் முறை என்று தெரியும், அது மறக்கவில்லை. கை எப்படித் தொடங்கியது. ஒழுங்காகத் தொடங்கியது. இரண்டு தாள் வந்தது, மூலையைத் தூக்கினேன், ஏஸ், ராசா. எறியத் தேவையில்லாத கை. நட்டை வைத்தேன். கூட்டினேன். மற்றவர்கள் எறிந்தார்கள், திரவியமும் சீனத்து அம்மாவும் நின்றார்கள். மூன்று தாள் விழுந்தது, ஹார்ட்டின் ராசா, ஹார்ட்டின் எட்டு, கறுப்பில் ஒரு மூன்று. என்னிடம் ராசா, மேசையில் ராசா, சோடி. கட்டினேன். இருவரும் அதே அளவு கட்டி வந்தார்கள். நாலாவது, ஹார்ட்டின் ஐந்து. கட்டினேன். சீனத்து அம்மா தவளையை எடுத்துத் துடைத்துவிட்டுத் தாளைத் தள்ளினாள். ஐந்தாவது, ஹார்ட்டின் இரண்டு. மேசையில் நாலு ஹார்ட்டின். ஒரே இனத்தில் ஐந்து சேர வேண்டும், மேசையிலே நாலு கிடக்கிறபோது கையில் ஒன்று காணும். திரவியம் கட்டினான். வாய் திறக்காமல் கட்டினான், அவன் வாய் திறக்கவில்லையென்றால் இருக்கிறது, ராணி இருக்கலாம். என்னிடம் ஹார்ட்டின் ஏஸ் இருந்தால் இந்த மேசையில் அதை அடிக்கத் தாள் இல்லை, கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் என் ராசாச் சோடி குப்பை, எறிய வேண்டும். இரண்டில் ஒன்று. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். என்னுடைய ராசா கிளாவர், அது தெரியும், கறுப்பு, மூன்று இலை, கண்ணுக்குள் நிற்கிறது. ஏஸ் சிவப்பு. அதுவும் நிற்கிறது. சிவப்பு. ஹார்ட்டினும் சிவப்பு, டயமனும் சிவப்பு. எது.

எது என்று யோசிக்கிற ஆள் நானில்லை. நேரே வரும். இதோ வருகிறது, மூலையைத் தூக்கினேன், பெருவிரல் நகம், வெள்ளைத் தாள், மூலையில் ஏ, கீழே சின்னதாக ஒரு சிவப்பு. சிவப்புப் பொட்டு. பொட்டு மாதிரித்தான் வருகிறது, கூராகவும் வருகிறது, வளைவாகவும் வருகிறது, நான் கேட்கிறபடி வருகிறது, அதுதான் பிழை, கண்டது என்றால் கேட்கிறபடி வராது. அந்த நேரம் என்ன நடந்தது. பரிசாரகப் பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்தாள். புது டீலர் வந்தாள், முதலிருந்தவன் கையில் ஒன்றுமில்லை என்று தட்டிக் காட்டிவிட்டு எழும்பினான். திரவியம் மருமகளின் புட்டைப் பற்றி ஏதோ சொன்னான். புட்டு ஞாபகம் இருக்கிறது. மாவைக் கொழுக்கட்டையாகக் குழைத்துவிட்டாள் என்றான். எனக்கு வேண்டாதது எல்லாம் இருக்கிறது. சரி, வேறு வழியால் வருவோம். நாலாவது தாளுக்கு ஏன் கட்டினேன். மூன்று ஹார்ட்டின் கிடக்கிறபோது கட்டியிருக்கிறேன் என்றால் ஏஸ் ஹார்ட்டின் என்று அப்போது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து கட்டினேனா, கை தன் பாட்டில் கட்டியதா. பெல்ட்டில் நின்ற காலத்தில் கை தன் பாட்டில் எறியும், மனம் எங்கேயோ போய்விடும், பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்த்தால் சரியாகத்தான் எறிந்திருக்கும். கையை நம்பலாம். கையை நம்பிக் கூட்டலாமா. கையை நம்புகிறவன் திரவியம்.

என் கூட்டாளி கனகசபையின் செத்தவீட்டிலும் வாய் தன் பாட்டில்தான் போனது. எத்தனையோ பேர், கோட்டுப் போட்டவர்கள், பூ, குளிர், எல்லா மண்டபமும் ஒரே மாதிரி, ஒருமுறை கலியாணம், ஒருமுறை அரங்கேற்றம், ஒருமுறை சவப்பெட்டி. கனகசபையின் மனிசி வந்து கையைப் பிடித்தாள். நான் கேட்டேன், “எங்கை இவன் கனகசபை? நான் வந்து கனநேரம்.” அவள் என் கையை விடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்தில் என் மகள் சுகிர்தா. பெட்டி எனக்குப் பின்னால் இருந்தது, அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பழக்கதோஷம். எந்த வீட்டுக்குப் போனாலும் கனகசபை எங்கே என்று கேட்டுத்தானே உள்ளே போகிறவன், அதைத்தான் கேட்டேன். அப்படித்தான் காரில் சொன்னேன். சுகிர்தா சிக்னலில் நின்றபோது மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரு கிழமை கழித்து டொக்ரர் கதை தொடங்கியது, ஞாபகத்துக்குப் பார்க்கிற டொக்ரர், வியாழக்கிழமை. “அப்பா, ஒருக்காப் போட்டு வருவம். சும்மா கேள்விதான் கேப்பினம்.” “கேள்வி கேக்க நான் என்ன கள்ளனோ?” “அப்பிடி ஏதும் எண்டால் நீங்கள் தனியப் போற வாறதை நிப்பாட்ட வேணும், அதுக்குத்தானே பயப்பிடுறியள்?” கெட்டிக்காரி. தாயின் மூளை. இன்று காலையும் பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறபோது போன் எடுத்தாள். “நான் இஞ்சை வெல்லுறன் பிள்ளை. மூளை பழுதானவன் காட்ஸிலை வெல்லுவானோ?” என்றேன்.  பதில் இல்லாதபடியால் நான் வென்றேன் என்று பஸ்ஸில் ஏறினேன். வியாழனுக்கு ஓம் என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இந்தக் கதிரை இருக்கும்வரை சொல்லத் தேவையில்லை.

“என்ன அண்ணை, நித்திரையோ?” திரவியம். “பொறு,” என்கிறேன். என் குரல் சரியாகத்தான் இருக்கிறது. எறிந்துவிடலாம். அதுதானே என் தொழில், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், கிழவன் வழக்கம்போல எறிகிறான் என்பார்கள். எறிந்த தாளைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, அது சட்டம், டீலர் குவியலோடு குவியலாகக் கலந்துவிடுவாள். எறிந்தால் என்ன தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அது நல்லது போலத்தான் இருக்கிறது. ஒரு கணம் விரல் நட்டில் போய் நின்றுவிட்டது, இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. தெரியாமலே இருக்கலாம். வியாழனும் அப்படித்தான், போகாவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் இல்லை. சீ. பெல்ட்டில் ஒருவன் இருந்தான், பழுதா நல்லதா என்று சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கமாட்டான், அப்படியே குப்பைத் தொட்டியில் போடுவான், நல்ல சாமான் எவ்வளவு போயிற்றோ. நான்தான் அவனைப் போய் ஏசினேன். சரி, பார்க்காமல், கூட்டாமல், அவன் கட்டியதற்குச் சமமாகக் கட்டித் தாளைக் காட்டக் கேட்கலாம். கேட்டால் தாளை விரிக்க வேண்டியதுதான், டீலர் வாசிப்பாள், விரித்த தாள் தானே கதைக்கும், நான் ஞாபகம் வைத்திருந்தேனா என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. சின்னக் காசு. மானம் தப்பும். ஆனால் அது ஹார்ட்டின் ஏஸ் என்றால், அடிக்கத் தாள் இல்லாத கையை வைத்துக்கொண்டு கூட்டாமல் கேட்டதாகிவிடும். இந்த மேசையில் மிஞ்சுவதே அந்த ஒவ்வொரு கூட்டலிலுந்தான், கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் விட்டு விட்டுத்தான் மற்றவர்கள் தோற்கிறார்கள். மானத்தைப் பார்த்து விளையாடுகிறவனிடம் நான் எவ்வளவு எடுத்திருக்கிறேன். பார்க்காவிட்டால் பிழையாக விளையாடுவேன். பார்த்தால் தெரிந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்தால் போகட்டும், எனக்கே தெரிந்துவிடும்.

நட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.  யாரோ ஒருவரின் இயந்திரம் தூரத்தில் மணியடித்துக்கொண்டிருந்தது. சீனத்து அம்மா வாய்க்குள் போட்ட பிஸ்கட்டைக் கடிக்காமல் வைத்திருந்தாள். திரவியம் முழுதாகத் திரும்பி என் கையைப் பார்த்தான், தாளையல்ல, கையை. பெருவிரலால் மூலையைத் தூக்கினேன். இரண்டாந்தரம். ஏ. அதற்குக் கீழே ஹார்ட்டின். வளைவாக, வடிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கிடக்கிறது. ஒரு ஞாபகமும் வரவில்லை. ஆ, இதுதானே என்று வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை. முதன்முதலாகப் பார்க்கிற தாள் மாதிரி இருந்தது. டயமன் கிடந்திருந்தாலும் இப்படித்தான் பார்த்திருப்பேன். தாளைப் படுக்க வைத்தேன். நட்டை மேலே வைத்தேன். “கூட்டுறன்,” என்றேன்.

“ஐயோ, பாத்திட்டார்!” திரவியம் கதிரையில் எம்பினான். “ஒருக்காப் பாக்கிறவர் ரெண்டுதரம் பாத்திட்டார். அண்ணை, இண்டைக்குச் சூரியன் எங்கால் எழும்பினது?” அவனும் கூட்டினான். நான் கூட்டினேன். அவன் கூட்டினான், அதோடு கசினோக்காரனின் அளவு முடிந்தது, இனிக் கூட்ட ஏலாது, நான் கேட்க மட்டும்தான் ஏலும். கேட்டேன். ஹார்ட்டின் ராணியை மேசையில் அறைந்து விரித்தான். நான் என்னுடையதை விரித்தேன். டீலர் ஏஸை விரலால் சற்று முன்னே தள்ளிக் காட்டிவிட்டு, குவியலை என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பு. சீனத்து அம்மா கைதட்டினாள். திரவியம் தலையில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தான், தோற்ற காசு அவனுக்குப் பெரிதில்லை, அவனுக்குக் கதை கிடைத்துவிட்டது. “ஹார்ட்டின் ஏஸை வைச்சுக்கொண்டு எவனாவது திரும்பிப் பாப்பானோ? ஆர் மறப்பான் அதை? நான் நினைச்சன் குட்டி ஹார்ட்டின் ஒண்டுதான் கிடக்கு எண்டு. இவ்வளவு காலமும் ஒருக்காப் பாக்கிற மனிசன் எண்டு எங்களைப் பழக்கிவைச்சு, இண்டைக்கெண்டு வைச்சிருந்து அடிச்சிருக்கிறார் பாருங்கோ. நடிகன்! அண்ணை, சொல்லுங்கோ, நடிச்சனீங்கள்தானே?”

“ஓம்,” என்றேன்.

சிப்ஸை அடுக்கினேன். இப்படி ஒரு கையை நான் விளையாடியதில்லை, யாரும் விளையாடியதையும் கண்டதில்லை. அந்த ஒரு பார்வைக்கு அவ்வளவு கூட்டல் விழுந்திருக்கிறது. திரவியம் பஸ்ஸில் சொல்வான், கோயிலில் சொல்வான், கடையில் மகனுக்கு முன்னால் சொல்வான், அடுத்த கிழமை இந்த மேசையில் எல்லோரும் நான் திரும்பிப் பார்த்தால் பயப்படுவார்கள். நன்மைதான். அடுத்த தாள் வந்தது. தூக்கிப் பார்த்தேன். டயமன் ஒன்பது, ஸ்கோப்பன் ஐந்து. நட்டை வைத்தேன். நட்டை எடுத்தேன். திரும்பப் பார்த்தேன். டயமன் ஒன்பது, ஸ்கோப்பன் ஐந்து. “இனி எங்களை ஏமாத்த ஏலாது அண்ணை,” என்றான் திரவியம், கண்ணடித்துக்கொண்டு. எறிந்தேன். இனி ஒவ்வொரு கையையும் இரண்டுதரம் பார்ப்பேன், எல்லாவற்றையும் பார்த்தால் மற்றவர்களுக்கு என்னில் ஒன்றையும் வாசிக்க ஏலாது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த மேசைக்கு வழி இருக்கிறது. எழும்பினேன். “வாறன், கதிரையைப் பார்,” என்றேன். கழிவறைப் பக்கத்து நடையில் இயந்திரச் சத்தம் குறைவு. கண்ணாடிக்கு வெளியே வாகனங்கள் பனி மூடி ஒரே மாதிரி நின்றன. எங்கள் பஸ் மஞ்சள். தெரிகிறது. போனை எடுத்தேன். சுகிர்தா முதல் மணியிலேயே எடுத்தாள்.

“என்னப்பா? எங்கை நிக்கிறியள்? ஏதும் பிரச்சினையே?”

“ஒண்டுமில்லை. வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?”

அவள் மெதுவாக, அடிபட்ட பிள்ளையிடம் கேட்பது போல, “அப்பா, தோத்துப் போனியளோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “வெண்டிட்டன்.”